மணக்காத டப்பா

ஞாயிற்றுக்கிழமை என்றால் குண்டூசிக்குப் பதினோரு மணிக்கு முன்னால் கண் திறக்காது. அப்படிப்பட்டவன் காலை ஒன்பதரைக்கு ஒரு க்ரீம் கம்பெனியின் கிடங்கில் நின்று, திறந்த டப்பாவுக்குள் மூக்கை விட்டுக்கொண்டிருந்தான் என்றால் விஷயம் எந்த அளவுக்கு முற்றியிருந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

"மூக்கை உள்ளேயே விட்டுட்டு வந்துடாதே," என்றார் வக்கீலம்மா. "அது ஒண்ணுதான் உன் உடம்புல கொஞ்சம் சதைப்பிடிப்பா இருக்கு."

வக்கீலம்மா கோர்ட் வாசலை மிதித்து எட்டு வருஷம் ஆகிறது. பொய்ச்சாட்சிகளைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய்த் துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டார். தொழில் மாறியும் பட்டப்பெயர் விடவில்லை. அவருடைய உதவியாளனுக்கு ஏன் குண்டூசி என்று பெயர் வந்தது என்பதற்கு அவனை ஒருமுறை பக்கவாட்டில் பார்த்தால் போதும்.

கிடங்கின் மூன்றாவது ஆள் ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். கம்பெனி அவளுடையது. கம்பெனி என்றால் இரண்டு அறை, ஒரு நடை, நாலு வேலையாட்கள். குழந்தைகளுக்கான வெயில் க்ரீம் ஒன்றைத் தவிர வேறு எதையும் அங்கே செய்வதில்லை. அவளுடைய அக்கா மகளுக்கு எதைத் தடவினாலும் தோல் தடித்துவிடும் என்பதற்காக வீட்டுச் சமையலறையில் ஆரம்பித்த வேலை அது. டப்பாவின் மேல் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு சிரிக்கும் படம் அந்தக் குழந்தையுடையதுதான். தண்ணீரைக் கண்டால் விடமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு மீன்குட்டி என்று பெயர்.

அந்த மீன்குட்டி இப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முகம் முழுக்கக் கொப்புளம். இரண்டு கண்களும் வீங்கி மூடிக்கொண்டன. அவளோடு நீச்சல் வகுப்பில் படிக்கும் இன்னும் இரண்டு குழந்தைகளுக்கும் தோளில், கழுத்தில் அதே கொப்புளம். மூன்று பேரும் தடவியது மீன்குட்டியின் டப்பாவிலிருந்து. சுகாதார அதிகாரிகள் அந்த டப்பாவை அரக்கு வைத்து எடுத்துப்போய்விட்டார்கள். பரிசோதனை முடிவு வரப் பத்து நாள் ஆகும். கம்பெனிக்குப் பூட்டு போட அவ்வளவு நாள் வேண்டியதில்லை, நாளைக் காலையே வருகிறார்கள்.

பூட்டுக்குக்கூடக் கம்பெனிக்காரத் தங்கை அழவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஆஸ்பத்திரி வாசலில் அக்கா கையை நீட்டி மறித்து, "என் பொண்ணு பக்கம் வராதே" என்று சொன்னாளே, அதற்குத்தான் இரண்டு நாளாக அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன வாசனை வருது?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"ஒண்ணும் வரல. நனைஞ்ச சாக்பீஸ் மாதிரி லேசா ஒரு இது. அவ்வளவுதான்."

"வராது," என்றாள் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வெயிலைத் தடுக்க ஜிங்க் ஆக்ஸைடு போடுறேன். அது தோலுக்கு மேலேயே உட்கார்ந்துக்கும், வெள்ளையாத் தெரியும். பாக்கி எல்லாம் பிசையுறதுக்கும் கெடாம இருக்கறதுக்கும்தான். வாசனை ஒரு சொட்டு கிடையாது. தோல் ஒத்துக்காத பிள்ளைங்களுக்கு முதல்ல வினையே வாசனைதான். 'பெயிண்ட் மாதிரி இருக்கு, கொஞ்சம் மணக்க வைங்க'ன்னு எத்தனையோ பேர் கேட்டாங்க. நான் மசியல."

டப்பாவை மூடப்போன குண்டூசியின் கை நின்றுவிட்டது.

"அப்ப மீன்குட்டி என்கிட்ட கதை விட்டுச்சா?"

"என்ன கதை?" என்றார் வக்கீலம்மா.

"நேத்து ஆஸ்பத்திரியில நீங்க டாக்டரோட பேசிட்டிருந்தீங்கல்ல? அப்ப நான் அதுகிட்ட, 'உங்க சித்தி க்ரீம் எப்படி இருக்கும்?'னு சும்மா கேட்டேன். எலுமிச்சை மிட்டாய் வாசனையா இருக்கும்னு சொல்லுச்சு. ஒருநாள் நக்கிப் பார்த்து அம்மாகிட்ட திட்டு வேற வாங்குச்சாம். நானும் சிரிச்சுட்டு விட்டுட்டேன்."

சொல்லி முடித்ததும்தான் தங்கையைப் பார்த்தான். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"எலுமிச்சையா? எலுமிச்சைன்னா சொன்னா?"

"ஏன், அதுல என்ன இருக்கு? சாறு பிழிஞ்சு குடிக்கிறோமே."

"குடிச்சா ஒண்ணுமில்ல. தோலைப் பிழிஞ்சு எண்ணெய் எடுப்பாங்க இல்லையா, அது உடம்பு மேல இருக்கும்போது வெயில் பட்டா சுட்டுடும். நிழல்ல இருந்தா தெரியாது. வெயில்ல நின்ன இடம் மட்டும் வெந்துபோகும். அதுவும் அன்னைக்கே தெரியாது. ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுதான் சிவக்கும், கொப்புளிக்கும்." அவள் எழுந்து நின்றுவிட்டாள். "வாசனையைப் பத்தி யாருமே என்கிட்ட சொல்லலையே! என்னைத்தான் உள்ளேயே விடலையே!"

வக்கீலம்மா கைவிரலை மடக்கினார். "கொப்புளம் வந்தது வெள்ளிக்கிழமை. அதனால எல்லாரும் வெள்ளிக்கிழமை தடவினதையே பிடிச்சுத் தொங்கிட்டிருக்கோம். ரெண்டு நாள் பின்னாடி போனா புதன்கிழமை. அன்னைக்கு என்ன?"

"நீச்சல் வகுப்பு. திறந்தவெளிக் குளம். நல்ல வெயில்."

"சரி. உன் கிடங்குல எலுமிச்சை எண்ணெய் இருக்கா?"

"சத்தியமா இல்ல."

"சத்தியத்தை எல்லாம் எட்டு வருஷம் முன்னாடியே நான் கேட்டு முடிச்சாச்சு. குண்டூசி, நீ தேடு."

குண்டூசி பறந்தான். வக்கீலம்மா அதே நாள் செய்த டப்பாக்களில் பன்னிரண்டை வரிசையாகத் திறந்து ஒவ்வொன்றாக முகர்ந்தார். பன்னிரண்டும் சாக்பீஸ்தான். பதின்மூன்றாவதைத் திறக்கும்போது நடையிலிருந்து வெற்றிக் கூச்சல் கேட்டது. பச்சைநிறப் பாட்டில் ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி குண்டூசி ஓடிவந்தான்.

"கையும் களவுமா மாட்டிக்கிச்சு மேடம்! கலவை போடுற ஆளோட அலமாரிக்குக் கீழே ஒளிச்சு வச்சிருந்தாங்க. மூடியைத் திறந்தாலே எலுமிச்சை!"

தங்கை பாட்டிலை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இது பாத்திரம் கழுவுற சோப்புங்க. டீ டம்ளர் கழுவ வச்சிருக்கோம்."

குண்டூசி கையை மெல்ல இறக்கினான். "அதுல எலுமிச்சைப் படம் போட்டா மனுஷன் என்னதான் நினைக்கிறது?"

"ரொம்ப உபயோகமான கண்டுபிடிப்பு," என்றார் வக்கீலம்மா. ஆனால் அவர் குரலில் கிண்டல் இல்லை. டப்பா வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானூறு டப்பா வெளியே போயிருக்கு. கெட்டது ஒண்ணே ஒண்ணு. இங்கே கலந்திருந்தா நானூறும் மணக்கணும். அப்ப இந்த வாசலைத் தாண்டின பிறகு யாரோ அந்த ஒத்தை டப்பாவுல கலந்திருக்காங்க. அதைத் தொட்டவங்க யார் யார்?"

"நீச்சல் மாஸ்டர்!" என்றான் குண்டூசி உடனே. "வகுப்புல பிள்ளைங்களுக்கு அவர்தானே தடவி விடுவார்? அந்த ஆள் மீசையைப் பார்த்தப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

"மீசையைச் சாட்சிக் கூண்டுல ஏத்த முடியாது." வக்கீலம்மா அவன் பக்கம் திரும்பினார். "நேத்து ஆஸ்பத்திரியில அந்தக் குழந்தையோட அம்மா உனக்குத் தண்ணி பாட்டில் கொடுத்தாங்களே, கையில கட்டு இருந்ததைப் பார்த்தியா?"

"பார்த்தேன். ஓவன்ல சுட்டுக்கிட்டேன்னாங்க. பாவம், கேக் செய்யுறவங்க. சூட்டுலதானே தொழில்."

"கட்டு எங்கே இருந்தது?"

குண்டூசி கண்ணை மூடி யோசித்தான். பாட்டிலை நீட்டிய கை ஞாபகத்துக்கு வந்தது. "பாட்டிலைப் பிடிச்ச உள்ளங்கை வெறுமனே இருந்துச்சு. புறங்கையிலதான் துணி. ஏன்?"

அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தங்கையின் போன் டிங் என்றது. நீச்சல் வகுப்புப் பெற்றோர் குழுவில் மாஸ்டர் ஒரு செய்தி போட்டிருந்தார். சண்டைக்குப் பிறகும் அவளை அந்தக் குழுவிலிருந்து நீக்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. தங்கை உரக்கப் படித்தாள்.

"'இன்றைய நீச்சல் போட்டி சரியாகப் பத்தரைக்கு. கடை க்ரீம் யாரும் கொண்டு வர வேண்டாம். நாற்பது குழந்தைகளுக்கும் கெமிக்கல் இல்லாமல் வீட்டிலேயே செய்த க்ரீம் தயார். எலுமிச்சை மணம் கமகம என்கிறது.'"

கீழே ஒரு படம். மேஜை நிறைய வெள்ளை க்ரீம் அடைத்த கூம்புப் பைகள், ஒவ்வொன்றின் வாயிலும் மஞ்சள் நாடா. அதைப் பார்த்ததும் தங்கை படிப்பதை நிறுத்திவிட்டாள். போனை வக்கீலம்மாவிடம் நீட்டினாள். அவர் பார்த்தார். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குண்டூசிக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

"மணி என்ன?" என்றார் வக்கீலம்மா.

"பத்து அஞ்சு."

"வண்டியை எடு."

போகும் வழியெல்லாம் தங்கை ஒரே எண்ணுக்குப் போன் போட்டாள். ஒவ்வொரு முறையும் ஒரு மணியிலேயே துண்டிக்கப்பட்டது. மாஸ்டருக்குப் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. போட்டி இரைச்சலில் யார் எடுப்பார்கள்?

"அந்த மீசைக்காரர் நாற்பது பிள்ளைங்களையும் ஒரேயடியா வேக வைக்கப் பார்க்குறாரா?" என்று கேட்டான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த குண்டூசி. சிரிப்பு மூட்டுகிறவன்தான், ஆனால் நேற்று அந்தக் குழந்தை கண் தெரியாமல் தடவித் தடவி அவன் விரலைப் பிடித்ததும், 'சித்தி ஏன் வரல?' என்று கேட்டதும் அவன் மனதை விட்டுப் போகவில்லை. "என்ன லாபம் மேடம் அவருக்கு?"

"லாபம் பார்த்துச் செய்யறவங்களைப் பிடிக்கறது சுலபம். இது வேற மாதிரி. சிக்னல் பச்சை, மிதி."

வானத்தில் பெரிய மேகம் ஒன்று சூரியனை மூடியிருந்தது. அதன் விளிம்பு வெளுக்கத் தொடங்கியிருப்பதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

நீச்சல் குளத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து இருபத்தாறு. தங்கை வண்டியை விட்டு இறங்கவில்லை. "என்னைப் பார்த்தா அவ எதையும் காதுல வாங்கமாட்டா. நீங்க போங்க, சீக்கிரம் போங்க," என்று தள்ளாத குறையாக அனுப்பினாள்.

குளத்தின் கரையில் குழந்தைகள் இரண்டு வரிசையாக நின்றார்கள். ஒரு வரிசை தடவி முடித்தது. தோளும் முதுகும் எண்ணெய் மினுங்க, பளபளவென்று நின்றது. இன்னொரு வரிசை கையை நீட்டிக் காத்துக்கொண்டிருந்தது. காற்றில் எலுமிச்சை மணம் தூக்கியது. குண்டூசி வாழ்க்கையில் ஒரு நல்ல வாசனைக்கு அப்படி நடுங்கியதே இல்லை.

மேகம் விலகியது. கரையில் சுளீரென்று வெயில் இறங்கியது.

"மாஸ்டரைப் பிடிக்கவா மேடம்?"

"பிள்ளைங்களை உள்ளே அனுப்பு. முதல்ல அது."

நாற்பது குழந்தைகள், எண்பது பெற்றோர், ஒலிபெருக்கியில் பாட்டு. கத்தினால் யாருக்குக் கேட்கும்? குண்டூசி சுற்றிலும் பார்த்தான். சுவரில் ஒரு பலகை: 'மூன்று நீண்ட விசில் கேட்டால் உடனே கட்டடத்துக்குள் செல்லவும்.' மாஸ்டரின் விசில் அவர் மேஜை மேல் கிடந்தது. அவ்வளவுதான். ஒல்லி உடம்பில் அத்தனை மூச்சு எங்கே இருந்ததோ தெரியவில்லை, காது கிழிய மூன்று முறை ஊதினான்.

பழக்கம் பெரிய விஷயம். என்ன ஏதென்று கேட்காமல் நாற்பது பிள்ளைகளும் திமுதிமுவென்று கட்டடத்துக்குள் ஓடின. பின்னாலேயே பெற்றோரும் மாஸ்டரும் ஓடிவந்தார்கள்.

"எவன்டா அது ஊதினது?" என்று மீசை துடிக்கக் கேட்டார் மாஸ்டர்.

"நான்தாங்க. திட்டுறதை அப்புறம் வச்சுக்கலாம். எல்லாப் பிள்ளைகளையும் ஷவருக்குக் கீழே நிறுத்துங்க. சோப்புப் போட்டு நல்லாக் கழுவணும். அந்த க்ரீம்தான் கொப்புளம் போடுறது!"

மாஸ்டர் ஒரு நொடிதான் திகைத்தார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முதல் குழந்தையைத் தூக்கி ஷவருக்கு அடியில் விட்டார். அதைப் பார்த்ததும் குண்டூசிக்குக் குழப்பமாக இருந்தது. குற்றவாளி இப்படிப் பதறமாட்டானே என்று திரும்பினான். வக்கீலம்மா மாஸ்டரைக் கண்டுகொள்ளவே இல்லை. க்ரீம் பைகள் அடுக்கிய மேஜையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

மேஜைக்குப் பின்னால் புறங்கையில் கட்டோடு நின்றாள் அக்கா, மீன்குட்டியின் அம்மா.

"என்ன அக்கிரமம் இது?" என்று சீறினாள் அவள். "என் பொண்ணு ஆஸ்பத்திரியில கிடக்கிறா. அவங்க அப்பாவை அவ பக்கத்துல உட்கார வச்சுட்டு, ராத்திரி பகலா இதைச் செஞ்சு எடுத்துட்டு வந்திருக்கேன். எதுக்கு? எங்களுக்கு வந்தது இன்னொரு வீட்டுக்கு வரக் கூடாதுன்னு! என் தங்கச்சிகிட்ட காசு வாங்கிட்டு இங்கே வந்து கலாட்டா பண்றீங்களா?"

"இதுல என்ன போட்டிருக்கீங்க?" வக்கீலம்மாவின் குரல் தாழ்ந்தே இருந்தது.

"தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு. கெமிக்கல் ஒண்ணும் கிடையாது."

"வாசனைக்கு?"

"வாசனைக்கு எலுமிச்சைத் தோல் எண்ணெய். கேக்குல போடுறோமே, அதுதான். ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் அதைச் சாப்பிடுது."

குண்டூசிக்கு அப்போதுதான் எல்லாம் உறைத்தது. மேஜையிலிருந்த கூம்புப் பைகள் கேக்கின் மேல் க்ரீம் பூப் போடுகிற பைகள். தங்கை போனைப் பார்த்து வாயடைத்துப்போனது அதனால்தான்.

"உங்க தங்கச்சி க்ரீம்லயும் அதைப் போட்டீங்களா?"

"இந்த டப்பாவுலதான் முதல் தடவையா ரெண்டு மூணு சொட்டு. பெயிண்ட் நாத்தம் அடிக்குது, வேண்டாம்னு பாப்பா ஓடுவா. மணமா இருந்தாத்தான் முகத்தைக் காட்டுவா."

"மூணு நாளா எல்லாரும் உங்களைக் கேட்டோமே, என்ன தடவினீங்கன்னு. இதைச் சொல்லவே இல்லையே?"

"இதுல சொல்ல என்ன இருக்கு? அது மருந்தா, கெமிக்கலா? வாசனைங்க அது!"

வக்கீலம்மா அவள் கையை மெதுவாகப் பிடித்தார். "ஓவன் தட்டைப் பிடிச்சுச் சுட்டா உள்ளங்கை சுடும், விரல் நுனி சுடும். உங்களுக்குச் சுட்டது புறங்கை. புதன்கிழமை மத்தியானம் பாப்பாவுக்குத் தடவி விட்டுட்டு, அந்தக் கையோடவே குளத்தோரம் வெயில்ல உட்கார்ந்திருந்தீங்களா?"

அக்கா தன் கையைப் பார்த்தாள். மறு கையால் கட்டை அவிழ்த்தாள். புறங்கையிலும் விரல் இடுக்கிலும் சிவந்து, பழுப்பேறி, சிறு சிறு கொப்புளங்கள். மகளின் கன்னத்தில் இரண்டு நாளாக எதைப் பார்த்துப் பார்த்து அழுதாளோ அதேதான் அவள் கையிலும் இருந்தது. கேக் செய்கிறவளுக்குக் கையில் சூடு படுவது தினசரி வழக்கம் என்பதால் அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வெயில்ல போகும்போதுதான் தடவினேன்," என்றாள் அவள். "ஒரு இடம் விடாம, காது மடல்கூட விடாம... என் கையாலயே தடவினேனே!"

அவளைத் திட்டலாம் என்று வாயில் தயாராக வைத்திருந்த ஒரு வாக்கியத்தைக் குண்டூசி விழுங்கிவிட்டான். உள்ளே ஷவர் இரைச்சலும் பிள்ளைகளின் கும்மாளமும் கேட்டன. வெயில் பட்டது ஒரு நிமிஷம்கூட இருக்காது, தப்பித்துக்கொள்ளும் என்று அவனுக்கு நம்பிக்கை வந்தது.

"டாக்டருக்கு உடனே தெரியணும்," என்றார் வக்கீலம்மா. "இன்ன பொருள்னு தெரியாமதான் மூணு நாளா வைத்தியம் பார்க்கிறார்."

அதற்குள் வண்டியிலிருந்து தங்கை இறங்கி வந்திருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாரும் கவனிக்கவில்லை. போன் ஏற்கெனவே அவள் காதில் இருந்தது.

"டாக்டர், நான் அந்தக் குழந்தையோட சித்தி பேசறேன். அதுல எலுமிச்சைத் தோல் எண்ணெய் கலந்திருக்கு. ஆமா... என் கம்பெனியில..."

குண்டூசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பொய்யைச் சொன்னால் நாளைப் பூட்டு நிச்சயம். அக்காவைக் காப்பாற்றக் கம்பெனியையே தூக்கிக் கொடுக்கிறாள்!

அக்கா ஒரே எட்டில் வந்து போனைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் புறங்கைக் கொப்புளம் ஒன்று உடைந்தது.

"அவ சொல்றதைக் கேக்காதீங்க டாக்டர். கலந்தது நான். நான்தான் அம்மா. க்ரீம் நல்ல க்ரீம். நான்தான் அதுல..." அழுகை முட்டியது, ஆனாலும் நிறுத்தவில்லை. எத்தனை சொட்டு, என்ன எண்ணெய், எத்தனை மணிக்குத் தடவினாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மறுமுனையில் டாக்டர் என்னவோ கேட்டார், என்னவோ சொன்னார். கேட்கக் கேட்க அவள் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

"இனி சரியான வைத்தியம் பார்க்கலாமாம். கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதாம். வீக்கம் மட்டும்தானாம்," என்று பொதுவாகச் சொன்னாள். "அதிகாரிங்ககிட்டயும் நானே சொல்றேன். எங்கே கையெழுத்துப் போடணுமோ போடறேன்."

தங்கையின் முகத்தை மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை. தங்கையும் தரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் போனைக் குழந்தையிடம் கொடுத்திருக்க வேண்டும், ஒரு சின்னக் குரல் வந்தது. பக்கத்தில் நின்ற குண்டூசிக்கே கேட்டது.

"அம்மா, சித்தி வந்தாங்களா?"

அக்கா போனைத் தங்கையிடம் நீட்டினாள். "உன்னைத்தான் கேக்குறா."

தங்கை வாங்கவில்லை. "வராதேன்னு நீதானே சொன்னே?"

அக்கா போனைக் காதில் வைத்து, "சித்தி வந்துட்டா, கண்ணு. நான் கூட்டிட்டு வர்றேன்," என்றாள். கட்டு அவிழ்த்த அந்தக் கையாலேயே தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து வண்டிக்கு இழுத்துக்கொண்டு நடந்தாள். கை வலித்திருக்கும், ஆனால் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவள் பிடியை விடவில்லை.